இரும்பைத் தாழ்த்துவதெல்லாம் மருந்தாகுமா?

மூலிகைகளினதும் உணவுப் பொருள்களினதும் ஒட்சியேற்ற எதிர்ப்புக் கொள்ளளவு பற்றிய ஆய்வுகள் பல்கலைக்கழக ஆய்வுகூடங்களில் மலிந்துவிட்டன. இலையோ பட்டையோ பழத்தோலோ, அதன் சாற்றைப் பிரித்தெடுத்து, இரும்பு உப்புடன் கலந்து, தோன்றும் நீலநிறத்தின் செறிவை அளந்து, ஈற்றில் அத்தாவரம் புற்றுநோயையும் இதயநோயையும் தடுக்கவல்லது என முடிப்பது வழக்கமாகியுள்ளது. அளவீட்டிற்கும் முடிவிற்கும் இடையேயுள்ள தொடர்பு யாது என்னும் வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

1996 ஆம் ஆண்டில் பென்சி, ஸ்ரெயின் ஆகிய ஆய்வாளர் இருவரும் இம்முறையை வெளியிட்டபோது, குருதித் திரவவிழையத்தின் இரும்பு தாழ்த்தும் ஆற்றலை அளப்பதே அவர்தம் நோக்கமாயிருந்தது. "ஒட்சியேற்ற எதிர்ப்பு வலு" என்னும் தொடரைக் கட்டுரைத் தலைப்பிலேயே அவர்கள் மேற்கோட் குறிகளுக்குள் இட்டிருந்தனர். பின்வந்தோர் முறையை எடுத்துக்கொண்டனர், அக்குறிகளை விட்டுவிட்டனர்.

முறை எளிதானது. பீ.எச். பெறுமானம் 3.6 உடைய அசற்றேற்றுத் தாங்கற்கரைசலில் பெரிக்கு இரும்பு ஒரு சேதனச் சேர்வையுடன் பிணைந்திருக்கும். சோதனைப் பொருள் இலத்திரனை வழங்குமாயின் பெரிக்கு இரும்பு பெரசு இரும்பாகத் தாழ்த்தப்பட்டு நீலநிறம் தோன்றும். நான்கு நிமிடங்களின் பின் 593 நனோமீற்றரில் உறிஞ்சுகை அளக்கப்படும். இங்கு அறியப்படுவது ஒன்றே: குறித்த அமிலநிலையில், குறித்த நேரத்துள், அப்பொருள் எவ்வளவு இரும்பைத் தாழ்த்திற்று என்பதாகும். அக்குழாயில் சுயாதீன மூலிகமும் இல்லை. அதனால் தாக்கப்படும் கொழுப்போ புரதமோ இல்லை. தாக்குபவனும் தாக்கப்படுபவனும் இல்லாத களத்தில் காவலனின் வீரத்தை எங்ஙனம் அளப்பது?

குறைகள் இதனோடு நின்றுவிடுவதில்லை. குருதியின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 7.4 ஆகும். இரும்பு கரைந்திருப்பதற்காகப் பேணப்படும் அமிலநிலை, பீனோற் சேர்வைகளின் தாழ்த்தும் இயல்பை மாற்றிவிடுகிறது. கலங்களின் தலையாய பாதுகாவலருள் ஒன்றான குளுத்தாதயோனை இம்முறை ஏறக்குறைய அறியாது. மறுபுறம், உண்ணாநிலையிலுள்ளவரின் திரவவிழையத்தில் பெறப்படும் பெறுமானத்தின் ஏறத்தாழ 60 வீதம் யூரிக்கமிலத்தினாலாயது. யூரிக்கமிலம் மிகுந்து மூட்டுகளிற் படிந்து வருந்தும் நோயாளியின் குருதியே இவ்வளவுகோலின்படி மேலான பாதுகாப்புடையதாகிவிடும்! மேலும், பல பொலிபீனோல்கள் நான்கு நிமிடங்களின் பின்னரும் தொடர்ந்து வினைபுரிவன. ஆகவே அளக்கும் நேரத்தை மாற்றினால், முதலிடம் பெற்ற தாவரம் பின்தள்ளப்படவும் கூடும்.

யாவற்றிலும் முரணானது வினைவிளைவே. 1894 இல் பென்ரன் விவரித்த வினையில், பெரசு இரும்பு ஐதரசன் பரவொட்சைட்டுடன் சேர்ந்து கொடிய ஐதரொட்சில் மூலிகத்தைப் பிறப்பிக்கும் என்பது பின்னர் விளக்கப்பட்டது. எந்தப் பெரசு இரும்பைக் கண்டு நற்சான்று வழங்கப்படுகின்றதோ, அதுவே உடலிற் கட்டற்று இருப்பின் கேடு விளைக்கும்.

குழாயிலிருந்து மனித உடலுக்குத் தாவுவதன் ஆபத்தை வரலாறும் உணர்த்தியுள்ளது. ஒட்சியேற்ற எதிரியெனப் போற்றப்பட்ட பீற்றாக் கரோற்றீன், பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்போரிடையே சோதிக்கப்பட்டது. 1994 இல் வெளியான முடிவின்படி, அதனை உட்கொண்டோரிடையே நுரையீரற் புற்றுநோய் 18 வீதம் அதிகமாயிருந்தது. இத்தகைய ஆய்வுகூட எண்களைக் கொண்டு உணவுகளை வரிசைப்படுத்திய தனது அட்டவணையை ஐக்கிய அமெரிக்காவின் விவசாயத் திணைக்களம் 2012 இல் மீளப்பெற்றுக்கொண்டது.

இம்முறை மலிவானது, விரைவானது, வசதி குறைந்த ஆய்வுகூடங்களுக்கு ஏற்றது என வாதிடுவோர் உளர். அவ்வாதம் முறையைப் பயன்படுத்துவதற்குப் பொருந்துமேயன்றி, அதிலிருந்து பொய்யான முடிவைப் பெறுவதற்குப் பொருந்தாது. ஒரே தேயிலையின் பல மாதிரிகளை ஒப்பிடுதற்கும், சேமிப்பின்போது ஏற்படும் இழப்பைக் கண்டறிதற்கும் அது நல்ல கருவியே. ஆயின் அளந்ததை "இரும்பு தாழ்த்தும் ஆற்றல்" என அதன் இயற்பெயராற் குறித்தல் வேண்டும். பீ.எச். பெறுமானம், நேரம், ஒப்பீட்டு நியமம் ஆகியவற்றைத் தெளிவுறக் கூறுதல் வேண்டும். உயிர்க்கலத்திலோ நோயாளியிடத்திலோ சோதியாத எவரும் நோய் பற்றி எழுதாதிருத்தல் வேண்டும்.

ஆய்வேட்டின் இறுதிப் பந்தியில் அசட்டையாக எழுதப்படும் ஒரு வாக்கியம், நாளை மருந்துப் போத்தலின் மேலொட்டியில் விளம்பரமாகலாம். அதனை நம்பி உரிய சிகிச்சையைக் கைவிடும் நோயாளிக்கு, 593 நனோமீற்றரில் தோன்றிய நீலநிறம் யாது விடை பகரும்?