ராக்கெட் ரெடி... பாத்ரூம் எங்கே?

1/ 1961 மே 5. ஆலன் ஷெப்பர்ட், விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர். பயணம் மொத்தமே 15 நிமிஷம். இதுக்குள்ள யாருக்கு ஒண்ணுக்கு வரப்போகுதுன்னு எந்த ஏற்பாடும் செய்யல.

2/ ஆனா கிளம்பவே மணிக்கணக்கில் தாமதம். மல்லாந்து படுத்தபடி காத்திருந்தவரால அடக்க முடியல. கடைசியில் விண்வெளி உடைக்குள்ளேயே போக வேண்டியதாச்சு. உடம்பில் ஒட்டியிருந்த மருத்துவ சென்சார்களும் நனைஞ்சு பழுதாச்சு.

3/ 1962இல் பூமியைச் சுற்றிய ஜான் க்ளென்னுக்கு ஆணுறை மாதிரி ஒரு உறை, குழாய், பை கொடுத்தாங்க. படுக்கையில் இருக்கிற ஆண் நோயாளிகளுக்கு நாங்க மாட்டுற 'காண்டம் கதீட்டர்' பார்த்திருப்பீங்களே, கிட்டத்தட்ட அதேதான்.

4/ மலத்துக்கு? அப்பல்லோ காலத்தில் ஒரு பிளாஸ்டிக் பை. அதன் வாயோரம் பசை இருக்கும். பின்பக்கம் ஒட்டிக்கணும். எடையில்லாத இடத்தில் மலம் தானா கீழே விழாது. பையிலேயே இருக்கும் விரலுறைக்குள் விரலை விட்டு, தள்ளித்தான் விடணும்.

5/ அதோட முடியல. கிருமிநாசினியை உள்ளே போட்டு மூடி, கையால் நல்லா பிசையணும். இல்லேன்னா பாக்டீரியாக்கள் வாயுவை உண்டாக்கி பை உப்பிடும். இத்தனையும் சக வீரர்களுக்கு பக்கத்திலேயே. நிலவுக்குப் போனவங்க நிலைமை இது!

6/ சிரிப்பா இருக்கா? இதையும் கேளுங்க. 1970 ஏப்ரல், அப்பல்லோ 13. ஆக்சிஜன் டேங்க் வெடிச்ச பிறகு தண்ணீருக்கு கடும் பஞ்சம். ஒருத்தருக்கு நாளைக்கு சுமார் ஒரு டம்ளர். பாதை மாறிடக் கூடாதுன்னு சிறுநீரை வெளியேற்றுவதும் நின்னுபோச்சு. பை பையா உள்ளேயே சேர்த்து வச்சாங்க.

7/ ஃப்ரெட் ஹெய்ஸ் சிறுநீர்த் தொற்றோடும் காய்ச்சலோடும்தான் பூமிக்குத் திரும்பினார். நல்ல ஆரோக்கியமான, பயிற்சி பெற்ற மனுஷன். தண்ணி குறைஞ்சா, சிறுநீர் போக வழி இல்லாட்டா உடம்பு விண்வெளி வீரர்னு பார்க்காது.

8/ என் கருத்து இதுதான்: கழிவறை ஒரு வசதி இல்லை, அது மருத்துவம். எஞ்சினுக்கு ஆயிரம் முறை யோசிச்சவங்களே இதைக் கடைசியாத்தான் யோசிச்சாங்க. நாமும் அப்படித்தானே?

9/ "வேலை செய்ற இடத்துல பாத்ரூம் சரியில்லை டாக்டர், அதனால தண்ணியே குடிக்கிறதில்லை." சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்கள் சொல்றது இது. கடை வைத்திருப்பவர்களே, பள்ளி நடத்துபவர்களே, பூட்டு போடாத, தண்ணீர் வரும் ஒரு கழிவறை கொடுங்க. நான் எழுதித் தரும் மாத்திரையைவிட அது பெரிய வைத்தியம்.

நீங்க தண்ணி குடிங்க. வந்தா அடக்காதீங்க. 🙏