கார் பார்த்தது யாருக்குச் சொந்தம்?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50-ஆம் எண் சாலையில் காஹாங்கைத் தாண்டினால் இருபுறமும் செம்பனைதான். குலை ஏற்றிய லோரி வரும், பின்விளக்கு எரியாத மோட்டார் சைக்கிள் வரும், சில இரவுகளில் யானையும் குறுக்கே வரும். இங்கே ஓட்டுநரில்லாக் கார் எங்கே வரப்போகிறது என்று கேட்கிறார்கள். வரும். சிங்கப்பூரில் 2016-லேயே தானோட்டி டாக்சியில் பயணிகளை ஏற்றிப் பார்த்துவிட்டார்கள். நம் சைபர்ஜெயாவில் 2020-இல் சோதனைப் பாதையே திறந்தாயிற்று.

விபத்தை நினைத்து எல்லாரும் பயப்படுகிறோம். விபத்துக்குப் பிறகு நடந்ததை யார் சொல்வார்கள் என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கவலை. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில், வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண்மேல் குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் கார் மோதியது. நின்ற கார் மறுபடி நகர்ந்து, அடியில் சிக்கியவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துப் போனது. அப்படி இழுத்துப் போனதைச் சொல்லாமல் அரசுக்குப் பொய்யறிக்கை கொடுத்ததை நிறுவனமே 2024-இல் ஒப்புக்கொண்டது. காரின் கேமரா எல்லாவற்றையும் பார்த்திருந்தது. பதிவு நிறுவனத்தின் கையில் இருந்தது.

வெளியே போகக்கூடாத பதிவுகளோ எளிதாகப் போகின்றன. டெஸ்லா வாடிக்கையாளர்களின் காரில் பதிவான அந்தரங்கக் காட்சிகளை ஊழியர்கள் 2019 முதல் 2022 வரை தங்களுக்குள் பகிர்ந்துகொண்டதை ராய்ட்டர்ஸ் 2023-இல் வெளிக்கொணர்ந்தது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறத்தாழ 8 லட்சம் மின்கார்களின் தரவுகள் பாதுகாப்பின்றிக் கிடந்தது 2024 டிசம்பரில் தெரியவந்தது. எந்த கிளினிக், எந்தக் கட்சி அலுவலகம், யார் வீட்டு வாசல் என்று கார் நின்ற இடங்களைப் பார்த்தே ஒருவர் வாழ்க்கையைச் சொல்லிவிடலாம். குளுவாங் போன்ற சிறு பட்டணத்தில் அதற்குப் பெயர்கூட வேண்டாம்.

நம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டது. தரவு கசிந்தால் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை 2025 ஜூனில்தான் வந்தது. மத்திய, மாநில அரசுகளை இச்சட்டம் இன்றும் கட்டுப்படுத்தாது. இது எனக்குச் சம்மதமில்லை.

பதிவு மட்டுமல்ல, பயணமும் நம் கையில் இருக்க வேண்டும். இன்றைக்கு இ-ஹெய்லிங் காரில் போகும் பெண், பாதை சரியில்லையென்று பட்டால், “அண்ணே, இங்கேயே நிறுத்துங்க” என்கிறாள். ஓட்டுநரில்லாக் காரிலும் அவள் சொன்னதும் பாதுகாப்பான இடம் பார்த்து நிற்க வேண்டும், கதவு திறக்க வேண்டும். விபத்துப் பதிவு முழுதாகப் போலீசுக்கும் பாதிக்கப்பட்டவர் குடும்பத்துக்கும் போக வேண்டும். இவை சட்டத்தில் ஏறிய பிறகு அந்தக் கார்களுக்கு உரிமம் கொடுக்கட்டும்.