வேட்பாளர் யார் என்பதை யார் முடிவு செய்வது?

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கிறது திமிரி. தோல் தொழிலை நம்பி ஊரும் சேரியும் பிழைக்கிற பகுதி. இங்கே நின்று குடியரசுத் தலைவர் வேட்பாளரைப் பற்றிப் பேசினால், “நமக்கெதுக்கு டெல்லி கதை?” என்று கேட்பார்கள். ஆனால் அந்தத் தேர்தலில் ஆற்காடு தொகுதி எம்.எல்.ஏ. போடும் வாக்கின் மதிப்பு 176. நாம் போட்ட ஓட்டுதான் அங்கே 176 ஆகிப் போகிறது. அது யாருக்குப் போக வேண்டும் என்று நம்மை எந்தக் கட்சியும் கேட்டதில்லை. தன் சொந்த உறுப்பினர்களையும் கேட்டதில்லை.

2017 ஜூன் 19 அன்று பாஜக ஆட்சிமன்றக் குழு கூடி ராம்நாத் கோவிந்தை அறிவித்தது. மூன்றே நாளில் எதிர்க்கட்சிகள் மீரா குமாரை அறிவித்தன. இரண்டு பேரும் தலித்துகள். 2022-ல் சரத் பவார், பரூக் அப்துல்லா, கோபாலகிருஷ்ண காந்தி ஆகிய மூவரும் மறுத்த பிறகு, எதிர்க்கட்சிகள் யஷ்வந்த் சின்காவிடம் வந்து நின்றன. அதே நாள் இரவு பாஜக திரௌபதி முர்முவை அறிவித்தது. முதல் பழங்குடிக் குடியரசுத் தலைவர் என்பது சிறிய செய்தி அல்ல. அதில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த ஆண்டே, 2023 மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடத்தைத் திறந்து வைத்தவர் பிரதமர். குடியரசுத் தலைவர் அந்த விழாவில் இல்லை.

மூடிய அறையில் தேர்ந்தெடுக்கப்படுபவர் அந்த அறைக்குத்தான் கடன்பட்டிருப்பார் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியாது. கே.ஆர். நாராயணனும் தலைவர்கள் கூடிப் பேசித் தேர்ந்தெடுத்த வேட்பாளர்தான். 1997-ல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொன்ன அமைச்சரவைப் பரிந்துரையை அவர் திருப்பி அனுப்பினார். அது அந்த மனிதரின் நேர்மை. தேர்வு முறைக்கு அதில் பெருமை இல்லை. நல்லவர் கிடைப்பாரா என்று ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டத்தை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

1969-ஐப் பாருங்கள். பெங்களூரில் கூடிய காங்கிரஸ் ஆட்சிமன்றக் குழுவில் இந்திரா காந்தி ஜெகஜீவன் ராமின் பெயரைச் சொன்னார். காமராசர் உள்ளிட்ட மூத்த தலைவர்கள் சஞ்சீவ ரெட்டியை முடிவு செய்தார்கள். பிறகு இந்திரா மனசாட்சிப்படி வாக்களிக்கச் சொன்னார், சுயேச்சையாக நின்ற வி.வி. கிரி வென்றார், கட்சி உடைந்தது. அந்தச் சண்டையில் ஜெகஜீவன் ராமின் பெயர் ஒரு காயாக வந்து போனது. 48 ஆண்டுகள் கழித்து அவர் மகள் மீரா குமார் தோற்கப்போகும் போட்டிக்கு நிறுத்தப்பட்டார்.

அப்படியானால் கட்சி உறுப்பினர்கள் எல்லாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும் என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அங்கேதான் நமக்குத் தயக்கம் வருகிறது. 2022 மார்ச் 4 அன்று தமிழ்நாட்டில் என்ன நடந்தது? நகராட்சி, பேரூராட்சித் தலைவர்களை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். விடுதலைச் சிறுத்தைகள் உள்ளிட்ட கூட்டணிக் கட்சிகளுக்குத் தலைமை ஒதுக்கிய சில இடங்களில் திமுகவினரே போட்டியிட்டு வென்றார்கள். பதவி விலகும்படி முதலமைச்சரே அறிக்கை விட வேண்டி வந்தது. கீழே இருப்பவர்கள் முடிவெடுத்தால் அது தானாகவே சனநாயகம் ஆகிவிடாது. சாதி கீழேயும் இருக்கிறது, இன்னும் நெருக்கமாக இருக்கிறது.

இதற்கு ஒரு விடை நம் வரலாற்றிலேயே உண்டு. 1932 பூனா ஒப்பந்தத்தை இரட்டை வாக்குரிமை பறிபோன கதையாக மட்டும் படிக்கிறோம். அதில் இன்னொரு பிரிவும் இருந்தது. ஒவ்வொரு தனித்தொகுதியிலும் ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டும் முதலில் வாக்களித்து நான்கு பேரைத் தேர்வு செய்வார்கள். அந்த நால்வரில் ஒருவரைத்தான் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க முடியும். வேட்பாளரை முடிவு செய்யும் உரிமையும் ஓர் அரசியல் உரிமை என்பதை அந்த ஏற்பாடு ஒப்புக்கொண்டது. அதில் ஓட்டையும் இருந்தது. சேரி நான்காவதாக வைத்த ஆளை ஊர் முதலாவதாக ஆக்கிவிடலாம். அம்பேத்கரே அதைச் சுட்டிக்காட்டினார்.

ஆகவே நம் கோரிக்கை இது. கட்சியிலுள்ள பட்டியல் சாதி, பழங்குடி, சிறுபான்மை, பெண் பிரதிநிதிகள் முதலில் ஒரு பட்டியலைத் தயாரிக்கட்டும். பட்டியலில் உள்ளவர்கள் வெளிப்படையாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும்: அரசைக் கலைக்கும் பரிந்துரை வந்தால் என்ன செய்வீர்கள், மாநிலச் சட்டமுன்வடிவு மேசைக்கு வந்தால் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று. பிறகு கட்சியின் எல்லா எம்.பி., எம்.எல்.ஏ.க்களும் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கட்டும். குடியரசுத் தலைவர் தேர்தலே விருப்ப வாக்கு முறையில்தான் நடக்கிறது. கட்சிக்குள் அதைச் செய்ய என்ன தடை? பட்டியல் தயாரித்தவர்களில் பாதிப்பேராவது ஏற்காத ஒருவர் வேட்பாளர் ஆகக்கூடாது என்ற விதியும் வேண்டும். பூனாவின் ஓட்டையை அடைப்பது அதுதான்.

அடுத்த குடியரசுத் தலைவர் தேர்தல் 2027-ல் வருகிறது. அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. நீங்கள் ஒரு கட்சியில் இருந்தால் அடுத்த கிளைக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் பேரூராட்சியின் தனி வார்டில் யார் நிற்பது என்பதைச் சேரி முடிவு செய்கிறதா, மாவட்டச் செயலாளர் வீட்டுத் திண்ணை முடிவு செய்கிறதா? திமிரியில் அதற்குப் பதில் சொல்ல முடியாத கட்சி, டெல்லியில் ஒரு தலித்தையோ பழங்குடியையோ நிறுத்தி நம்மிடம் கைதட்டல் கேட்கக்கூடாது.