முகத்தைப் பார்க்கிறார், வேலையைக் கேட்பதில்லை

ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று படங்கள்: நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. கூடவே ஒரு படிவம். எண்ணெய் வழியும் முகமா, வறண்ட முகமா, எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள், மாதம் எவ்வளவு செலவழிக்க முடியும். பணம் கட்டியதும் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என இரண்டு பட்டியல்கள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். ஆன்லைன் தோல் பராமரிப்புப் பயிற்சி பெரும்பாலும் இந்த வகையில்தான் நடக்கிறது. காசிமேட்டில் இருப்பவருக்கும் கொடைக்கானலில் இருப்பவருக்கும் படிவம் ஒன்றே. இதை வெறும் ஏமாற்று வேலை என்று ஒதுக்குவது சுலபம், ஆனால் நியாயம் இல்லை. என் குறை வேறு. வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை உள்ளவர்களுக்கு அந்தப் படிவத்தில் முதலில் இருக்க வேண்டிய கேள்வியே காணோம்: என்ன வேலை செய்கிறீர்கள்?

பயிற்சியாளருக்குக் கொடுக்க வேண்டிய மதிப்பை முதலில் கொடுத்துவிடலாம். பெரும்பாலோருக்கு வீட்டுப் பராமரிப்பு மூன்று பொருள்களுக்குள் அடங்கிவிடும்: உறுத்தாத சோப்பு அல்லது ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர், வெயிலில் போகிறவர்களுக்கு சன்ஸ்கிரீன். இதைப் பொறுமையாகச் சொல்லி, வாரம் ஒருமுறை விசாரித்து, புதிதாக எதையும் வாங்காமல் தடுத்து நிறுத்தும் ஆள் கிடைத்தால் அது உதவிதான். இன்னொரு நன்மையும் உண்டு. 2011-ல் வெளியான, பல மையங்களில் நடந்த ஓர் இந்திய ஆய்வில், முகத்தில் தோல் கோளாறோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு களிம்பு பூசிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினருக்கு அதைப் பூசச் சொன்னவர் மருத்துவர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், மருந்துக்கடைக்காரர், உறவினர் என்று யாரோ. கணிசமானோர் அதைச் சிவப்பழகு க்ரீமாகவே பூசினார்கள். விளைவு: தோல் மெலிந்து, பரு கிளம்பி, வெயில் பட்டாலே முகம் எரியும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் மெடிக்கல் ஷாப்பில் படர்தாமரைக்கு ஒரு ஆயின்மென்ட் என்று கேட்டால் ஸ்டீராய்டு கலந்த ட்யூப் கைக்கு வந்துவிடுகிறது. அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், அதற்குக் காரணமான பூஞ்சை அடங்காது. அடுத்த மாதம் இன்னும் பெரிதாகப் படரும். அந்த ட்யூபின் படத்தைப் பார்த்து, ‘இது வேண்டாம், டாக்டரிடம் போங்கள்’ என்று சொல்லும் பயிற்சியாளர் வாங்கிய கட்டணத்துக்கு மேலேயே வேலை செய்துவிட்டார்.

சிக்கல் முகத்தைத் தாண்டியதும் தொடங்குகிறது. 1700-ல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன?’ என்பதையும் கேட்க வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கேள்விக்கு வேலை இருக்கிறது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் கழுவி, வெட்டி, ஐஸ் அள்ளிப் போடும் பெண்ணின் கைகளை எடுத்துக்கொள்வோம். மணிக்கணக்கில் ஈரம், உப்பு, குளிர். செதிலும் முள்ளும் கீறிய இடத்தில் மீனின் கழிவுநீர் இறங்குகிறது. வேலை முடிந்ததும் கவுச்சி போக மட்டமான சோப்பு போட்டு அழுத்தித் தேய்க்கிறார். விரல் இடுக்கு வெடித்து, கரப்பானாகி, ஆறவே ஆறாது. கால் விரல்களுக்கு நடுவே சேற்றுப்புண். ஜெர்மனியில் ஒரு வேலைநாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலே அதை ஈரவேலை என்று தனியாக வகைப்படுத்தி, முதலாளி பாதுகாப்பு செய்துதர வேண்டும் என்கிறார்கள். இந்தப் பெண் மங்குக்கு ஆலோசனை கேட்டுப் படிவம் நிரப்பினால் என்ன வரும்? இரவில் ஒரு ஆசிட் சீரம், காலையில் வைட்டமின் சி. வெளியே பத்து மணி வெயிலில் கூடையோடு நடக்கிறவருக்கு, தோலின் மேலடுக்கை உரிக்கும் ஆசிட் சீரத்தால் மங்கு கூடிவிடத்தான் வாய்ப்பு அதிகம். அவருக்கு வேண்டியது நீர் புகாத கையுறை, உள்ளே ஒரு பருத்திக் கையுறை, கை கழுவியதும் ஈரம் துடைத்துத் தடவ வாசலின், தலைக்கு அகலமான தொப்பி. இவற்றில் பயிற்சியாளருக்குப் பெரிய கமிஷன் கிடைக்காது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொழிலைக் கேட்டால், நோய் தொடங்குகிற இடமும் தெரியவரும். டென்மார்க் இதற்கு நல்ல சாட்சி. சிமென்டில் கலந்திருக்கும் குரோமியம் கட்டடத் தொழிலாளர்களின் கையில் தீராத ஒவ்வாமையை உண்டாக்கியது. எத்தனையோ களிம்புகள் பூசியும் நிற்கவில்லை. 1983-ல் சிமென்டில் நீரில் கரையும் குரோமியத்துக்கு அந்த நாடு வரம்பு வைத்தது; அதை எட்ட சிமென்டிலேயே ஃபெரஸ் சல்பேட் சேர்த்தார்கள். புதிதாக வருகிற தொழிலாளர்களிடம் அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-லிருந்து குரோமியத்துக்கு வரம்பு கட்டினார்கள். நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. ராயபுரத்து வீடுகளில் துணியிலும் முகத்திலும் படிந்த நிலக்கரித் தூசு எந்த ஃபேஸ்வாஷாலும் குறையவில்லை. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றபோதுதான் குறைந்தது. சரக்கு எண்ணூருக்குப் போனது, தூசும் கூடவே போனது என்பது அந்தக் கதையின் மிச்சம்.

2023 டிசம்பரை வடசென்னை மறந்திருக்காது. மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரத்தை மூடியது. சுற்றியுள்ள குப்பங்களின் மீனவர்கள் பக்கெட்டாலும் குவளையாலும், வெறுங்கையாலும் அதை அள்ளினார்கள். தோல் அரிப்பும் எரிச்சலும் இருப்பதாகச் சொன்னார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண்ணும் தொண்டையும் தோலும் எரிந்து பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இப்படி ஒரு ஊரில் ‘உங்கள் தோல் சென்சிட்டிவ்’ என்று ஒருவருக்குச் சொல்லி அனுப்புவது, தவறை அவர் உடம்பின் மேலேயே போட்டுவிடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். பயிற்சியாளர் அழகுக்கு வழி சொல்கிறவர். தொழிற்சாலையையும் துறைமுகத்தையும் அவர் தலையில் கட்டலாமா? உழைக்கிற பெண் தன் முகத்துக்காக ஐந்நூறு ரூபாய் செலவழித்தால் அதைப் பிரச்சினையாக்க வேண்டுமா? வேண்டாம். முகத்தைப் பார்த்துக்கொள்ள எல்லாருக்கும் உரிமை இருக்கிறது; மீன் விற்கிறவருக்கும் கன்டெய்னர் யார்டில் நிற்கிறவருக்கும் அது ஆடம்பரம் ஆகிவிடாது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு உடம்பைப் பற்றிச் சொல்கிறவர் அந்த உடம்பு பகலெல்லாம் எங்கே நிற்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். உடம்பைப் பற்றிச் சொல்கிறவருக்குச் சட்டமும் சில பொறுப்புகளை வைத்திருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, இணையத்தில் நோய்க்கு மருந்து சொல்லப் பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டுமே அனுமதி. 2023 ஆகஸ்டில் நுகர்வோர் விவகாரத் துறை, உடல்நலம் பற்றிப் பேசும் பிரபலங்கள் தகுதிச் சான்று இருந்தால் அதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தம் பேச்சு மருத்துவ ஆலோசனைக்கு மாற்று இல்லை என்று அறிவிக்க வேண்டும் என்றது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போனால் காலை ஓ.பி.; வரிசை; ஒருநாள் கூலி போச்சு; உள்ளே போனதும் மருத்துவர் நிமிர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. பயிற்சியாளரோ இரவு ஒன்பது மணிக்கும் பதில் போடுகிறார். இதை மறுக்க முடியாது. பயிற்சியாளர்கள் பெருகுவதற்கு அரசு மருத்துவத்தின் நேரமும் அவசரமும் ஒரு காரணம். ஆனால் மாலை நேர வழியும் இருக்கிறது: மாநகராட்சியின் நகர்ப்புற சுகாதார நிலையங்கள் சிலவற்றில் மாலை பாலிகிளினிக் நடக்கிறது, தோல் மருத்துவர் முறை வைத்து வருகிறார். எந்த நிலையத்தில் எந்தக் கிழமை என்பது காசிமேட்டிலும் திருவொற்றியூர் தேரடியிலும் பெரிய எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021-லிருந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கு வருகிறது. வடசென்னையின் சில வட்டங்களிலாவது அந்தப் பணியாளர்கள் கைகளைத் திருப்பிப் பார்க்கவும் பழக்கலாம்.

மருத்துவமனைக்குப் போகச் சொல்வதற்கு மருந்தைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில், வேலையில் படும் ரசாயனங்களால் வரும் தோல் நோய்களையும் தொழில்நோயாக ஏற்றுக்கொண்டது. 2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் அத்தகைய அட்டவணை இருக்கிறது. இழப்பீடு கேட்பவர், நோய் எப்போது தொடங்கியது, எந்த வேலையில் இருந்தபோது என்று காட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செல்ஃபியும் பயிற்சியாளரின் இதயக் குறியும் அங்கே செல்லுபடியாகாது. தேதியும் நோயின் பெயரும், மருத்துவர் எழுதினால் தொழிலின் பெயரும் உள்ள ஓ.பி. சீட்டு செல்லும்.

எனவே பயிற்சியாளரைப் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுமுன் அவர் உங்கள் வேலையைக் கேட்கிறாரா, நீங்கள் ஏற்கெனவே பூசுகிற ட்யூபின் படத்தைக் கேட்கிறாரா, தான் சொல்கிற பொருளில் தனக்குக் கமிஷன் உண்டா என்று சொல்கிறாரா, இந்த மூன்றை மட்டும் பாருங்கள். கை வெடித்து இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் மருத்துவரிடம் போய், என்ன வேலை என்பதை நீங்களாகவே சொல்லி, அதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்தச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.