ஊதுவது யார், இருமுவது யார்?

மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை இறக்கும் தோழர் ஒருவரிடம் மின் சிகரெட்டைப் பற்றிப் பேச்செடுத்தோம். "அதெல்லாம் காசுள்ளவன் ஊதுறது அண்ணே, நமக்குப் பீடி போதும்" என்று சிரித்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதி நம்மை ஏமாற்றக்கூடியது. அதனால்தான் இம்மாதம் இதை எழுதுகிறோம்.

மின் சிகரெட்டில் நெருப்பு இல்லை. பாட்டரி சூட்டில் நிகோட்டின் கலந்த திரவம் ஆவியாகிறது, அதை உறிஞ்சுகிறார்கள். புகையிலை எரியாததால் தாரும் கரிப்புகையும் இல்லை என்பது உண்மையே. ஆனால் மனிதனை அடிமையாக்கும் நிகோட்டின் அதில் அப்படியே இருக்கிறது. இந்தியாவில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமும், அதே ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றச் சட்டமும் இதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்தன. மீறினால் முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனாலும் திருட்டுத்தனமாக விற்கிறார்கள்.

இந்தத் தடையை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதோடு ஒரு கேள்வியும் கேட்கிறோம். உழைப்பாளியின் சட்டைப்பையில் இருக்கும் பீடிக்கும் சிகரெட்டுக்கும் தடை எங்கே? நாம் பிரீமியம் கட்டும் ஆயுள் காப்பீட்டுக் கழகமே நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனியின் பெரும் பங்குதாரர்களில் ஒன்று!

இங்கிலாந்தைப் பாருங்கள். ஒரு காலத்தில் அங்கே எல்லா வகுப்பாரும் சிகரெட் பிடித்தார்கள். கேடு தெரிந்ததும் படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் முதலில் விட்டார்கள். உடலுழைப்புத் தொழிலாளரிடம்தான் அது அதிகமாகத் தங்கியது. 2023-ல் அந்த அரசு, சிகரெட்டை விட உதவியாக 10 லட்சம் பேருக்கு மின் சிகரெட்டை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. அதே நாட்டில், பிள்ளைகள் கையில் அது புழங்கியதால், ஒரு தடவை ஊதிவிட்டு எறியும் வகை 2025 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டது. மேல்தட்டில் நாகரிகமாகத் தொடங்குகிற பழக்கம் கடைசியில் ஏழை வீட்டில் கடனாக வந்து குடியேறுகிறது. "நமக்கு வராது" என்று யாரும் எண்ண வேண்டாம்.

நம் நாட்டுக் கணக்கும் இதையே சொல்கிறது. 2016-17-ல் எடுத்த அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி வயது வந்தோரில் 100-க்கு 28.6 பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை உபயோகித்தார்கள். கேரளத்தில் அது 12.7, தமிழ்நாட்டில் 20. படிப்பு குறையக் குறைய, வசதி குறையக் குறைய, உபயோகம் கூடுகிறது. பெண்களில் புகைப்பவர் குறைவு. வெற்றிலையோடு புகையிலை மெல்லுபவரே அதிகம். நம் தாய்மார் இதைக் கவனிக்க வேண்டும். வாய்ப்புற்று பணமுள்ளவரா என்று பார்த்து வருவதில்லை. ஆனால் பணமில்லாதவர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

ஏழைக்குப் புத்தியில்லை என்று சிலர் பேசுவார்கள். நாம் அதை ஏற்கவில்லை. சும்மா நின்றால் மேஸ்திரி ஏசுகிறான், பீடி பற்ற வைத்தால் ஐந்து நிமிடம் விடுகிறான். ரயில்வேயில் இரவுப் பணி பார்க்கும் நமக்கும் இது தெரியும். பசியையும் தூக்கத்தையும் பீடியால் ஏமாற்றுகிறோம். நாளுக்கு 40 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 14,600 ரூபாய்! பிள்ளையின் பள்ளிச் செலவு புகையாகப் போகிறது.

சட்டத்திலும் பேதம் உண்டு. பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று 1999-ல் தீர்ப்பளித்தது நம் காயலுக்கு அக்கரையில், எறணாகுளத்தில் இருக்கும் உயர் நீதிமன்றமே. 2003-ம் ஆண்டு மத்தியச் சட்டமோ, 30 அறையுள்ள ஓட்டலிலும் விமான நிலையத்திலும் புகைப்பதற்குத் தனி இடம் ஒதுக்கலாம் என்கிறது. பஸ் ஸ்டாண்டில் நிற்பவனுக்கு 200 ரூபாய் வரை அபராதம். நமக்கும் ஒரு புகை அறை வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. பீடி இல்லாமலே ஓய்வு வேண்டும் என்று கேட்கிறோம்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் நம் அக்கா தங்கைகள் பீடி சுற்றித்தான் அடுப்பெரிக்கிறார்கள். பீடி ஒழிந்தால் அவர்கள் கதி என்ன? இதற்குக் கேரளமே ஒரு வழி காட்டியிருக்கிறது. பீடித் தொழிலாளருக்கான 1966-ம் ஆண்டுச் சட்டம் அமலுக்கு வந்தபோது கண்ணூர்ப் பக்கத்தில் முதலாளிகள் கதவைச் சாத்தினார்கள். தொழிலாளர்கள் 1969-ல் தினேஷ் பீடி கூட்டுறவை அமைத்தார்கள். பின்னாளில் பீடி விற்பனை சரிந்தபோது, அதே கூட்டுறவு உணவுப் பண்டம், குடை, ஆடை என்று வேறு தொழில்களில் இறங்கியது. தென்காசியில் இது ஏன் கூடாது?

கடைசியாக, நம் சங்கத்தைப் பற்றி. கூட்டத்தில் தேநீர்த் தட்டோடு பீடிக் கட்டையும் வைத்து வந்தது நாமே. அது தவறு. இம்மாதம் முதல் தேநீர் மட்டும் இருக்கும். விட விரும்பும் தோழர்கள் 1800-11-2356 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணுக்குப் பேசலாம். கூச்சப்படுபவர்கள் நம்மிடம் வரட்டும், உடன் இருந்து பேச வைக்கிறோம். மேஸ்திரிகளிடம் முன்வைக்கப்போகும் அடுத்த கோரிக்கைப் பட்டியலில், வேலை நேரத்தில் ஓய்வு என்பதை முதல் வரியாக எழுதுவோம்.

நம் நெஞ்சில் மூச்சு இருந்தால்தான் கோஷமும் எழும், தோழர்களே!