போல்ட்டைத் திறந்து காட்டுங்க சார்!

போன வாரம் ஒரகடம் டீக்கடையில ஒரு வாக்குவாதம். ரைஃபிள் பயிற்சிக்குப் போற நண்பர் ஒருத்தர், "அதான் மேகசினைக் கழட்டியாச்சே, போல்ட்டை எதுக்குத் திறந்து வைக்கணும்? இருபது வருஷ அனுபவம்ங்க எனக்கு"ன்னார்.

இந்த 'அனுபவம்'தான் மக்களே ஆளைக் கொல்லுது!

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் ஒவ்வொரு தடவை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே சேம்பருக்குள்ள ஏத்திக்கும். நடுவுல மேகசினைக் கழட்டினாலும் உள்ள ஒண்ணு உட்கார்ந்திருக்கும். போல்ட் மூடியிருந்தா வெளியிலேர்ந்து ஒரு எழவும் தெரியாது. அதனால முதல்ல மேகசினைக் கழட்டணும், பிறகு போல்ட்டை இழுத்துத் திறந்து நிறுத்தணும், சேம்பரைக் கண்ணால பாக்கணும். சர்வதேசப் போட்டிகள்ல பளிச்சுனு ஒரு கொடியைச் சேம்பர்ல சொருகி வைக்கணும்ங்கிற விதி ஒலிம்பிக் வீரருக்கும் உண்டு. அவங்களுக்கு இல்லாத அனுபவமா?

நான் பிரஸ் ஷாப் ஆளு. எங்களுக்கும் இதே பாடம்தான். சுவிட்சை அணைச்சா போதாது. பூட்டு போட்டு, டேக் மாட்டி, சேஃப்டி பிளாக் வச்சப்புறம்தான் டைக்குள்ள கை விடணும். 2010 அக்டோபர் கடைசியில ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில இயந்திரத்துல சிக்கி ஒரு இளம்பெண் இறந்ததை இந்தப் பக்கம் வேலை பாத்தவங்க மறக்கல.

"என்னை நம்பலையா?"ன்னு கோவிச்சுக்கறாங்க. நம்பிக்கைப் பிரச்சினையே இல்லீங்க. டார்கெட் மாத்த முன்னால நடந்து போறவன் உங்க மனசைப் படிக்க முடியாது. திறந்த போல்ட்டைப் பாக்க முடியும். அவ்ளோதான் மேட்டர்.

டிஸ்கி: டீக்காசு அவர்தான் கொடுத்தார். ஆனா ஒத்துக்கல.