பசுமை போதாது, உறுதி வேண்டும்

திருவனந்தபுரத்தில் எரியும் விளக்குகளில் நெய்வேலிக்கும் பங்குண்டு. அங்குள்ள இரண்டாம் அனல் மின் நிலையத்தின் மின்சாரம் கேரளத்துக்கும் வருகிறது. அதற்கான பழுப்பு நிலக்கரியை எடுக்க, அதற்கு மேலுள்ள மண்ணைப் பல மடங்கு வெட்டி அள்ள வேண்டியிருக்கிறது. கரி எடுத்த பள்ளத்தை அதே மண்ணால் நிரப்பி, மரம் நட்டு, பயிரும் செய்து காட்டியிருக்கிறார்கள். பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் பச்சையாகத் தெரியும் நிலமெல்லாம் உறுதியான நிலம் ஆகிவிடாது.

கொட்டிய மண் இறுகப் பல ஆண்டுகள் ஆகும். அதுவும் ஒரே சீராக அமுங்காது. தாழ்ந்த இடத்தில் மழைநீர் தேங்கி உள்ளே இறங்கும். நீண்ட சரிவில் ஓடும் நீர் மண்ணை அரித்து ஓடையாக்கும். சரிவு எவ்வளவு செங்குத்து, நீர் எங்கே திரள்கிறது, எந்த வழி இறங்குகிறது என்பதை நிலத்தின் வடிவமே சொல்லிவிடும். இன்று விமானத்திலிருந்தும் டிரோனிலிருந்தும் உயரங்களை அளந்து, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

இதை அலட்சியம் செய்ததன் விலை பெரிது. 1966 அக்டோபர் 21ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள அபர்ஃபானில் சுரங்கக் கழிவு மேடு சரிந்து 144 பேர் மாண்டனர்; அவர்களில் 116 பேர் குழந்தைகள். நீரூற்றின் மேல் மேட்டைக் கொட்டியிருந்தார்கள். அந்த ஊற்று அரசாங்க வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது! நம் நாட்டிலும் 2016 டிசம்பர் 29ல் ஜார்க்கண்டின் லால்மட்டியா சுரங்கத்தில் மண்மேடு சரிந்து 23 தொழிலாளர்கள் பலியானார்கள்.

சுரங்கத்தை மூடுவதற்குத் திட்டம் வேண்டும் என்று 2009ல் மத்திய நிலக்கரி அமைச்சகம் விதி வகுத்தது. கோல் இந்தியா சுரங்கங்களில் எவ்வளவு நிலம் நிரப்பப்பட்டது, எவ்வளவு பசுமையானது என்று செயற்கைக்கோள் படம் கொண்டு கணக்கெடுக்கிறார்கள். நல்லதே. ஆனால் பரப்பளவைக் கணக்கிடுவது வேறு. சரிவின் உறுதியைச் சோதிப்பது வேறு.

சரிவின் அடியில் குடியிருப்பது எத்தகையது என்பதைக் கேரளத் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் லயன் வீடுகளில் வாழ்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். அது இயற்கை மலை. சுரங்க மேடு அன்று. எனினும் பாடம் ஒன்றே: மேலே நிலம் எப்படியிருக்கிறது என்பது கீழே உறங்குகிறவனுக்குத் தெரிய வேண்டும்.

நிலச்சரிவை ஆராயும் தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் இதே திருவனந்தபுரத்தில், ஆக்குளத்தில் இருக்கிறது. இத்தகைய நிபுணர்களின் உதவியுடன், நிரப்பிய சுரங்க நிலம் ஒவ்வொன்றையும் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். அளந்த விவரத்தை அந்தந்த வட்டார மொழியில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். உறுதி தெரியும்வரை அங்கே ஒரு குடிசை போடவும் எவரையும் அனுமதிக்கலாகாது. மரம் நட்டதோடு கடமை முடிந்ததென்று அரசு இருந்துவிடக் கூடாது.